சாலைத் தடுப்பா, குடிநுழைவுச் சோதனையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில் கறுத்த தோலுக்கு இரண்டு விதமான சோதனை வரும். மோட்டாரில் போகும்போது போலீஸ் தடுப்பு. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது குடிநுழைவுத் துறை.

தடுப்பில் முகத்தைப் பார்த்ததும் வருவது 'குண்டர் கும்பலோ' என்ற சந்தேகம். எரிச்சல்தான், ஆனாலும் நமக்கு அங்கே கொஞ்சம் பிடி உண்டு. சீருடை இல்லாதவரிடம் அதிகார அட்டையைக் கேட்கலாம். நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும்; மஞ்சள் அதற்குக் கீழே; சிவப்பு என்றால் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், நம்மை நிறுத்த அவருக்கு அதிகாரமே கிடையாது. கைதானாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும்.

குடிநுழைவுச் சோதனையில் கேள்வியே வேறு: நீ இந்த நாட்டு ஆள்தானா? குடிமகனின் நீல ஐசி, அதாவது அடையாள அட்டை, கையில் இருந்தால் சரி, பேச்சு முடிந்தது. கைப்பேசியில் உள்ள படத்தை நம்ப வேண்டாம், அசல் அட்டைதான் வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே வளர்ந்தவர் என்ன செய்வார்? குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபடும் குடிமகன் அல்லாதவருக்கு அதே 24 மணி நேரத்தை 14 நாளாக்குகிறது அரசியலமைப்பின் 5(4) பிரிவு. அவர் குடிமகனா இல்லையா என்பதுதானே இன்னும் தீராத வழக்கு!

என்னைக் கேட்டால், தடுப்பில் பத்து முறை நிற்கலாம்.