டிபி-லிங்க் ஆர்ச்சர் டி2யு ப்ளஸ்: பழைய டெஸ்க்டாப்புக்கு வாங்கலாம், கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளும்

ஜி41, எச்61 மதர்போர்டு காலத்து டெஸ்க்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றில் இல்லாதது வைஃபை ஒன்றுதான். ரவுட்டர் ஹாலிலும் கம்ப்யூட்டர் உள்ளறையிலும் இருந்து, லேன் கேபிள் இழுக்கவும் வழியில்லை என்றால் ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்கத்தான் வேண்டும். அந்த வேலைக்குச் சுலபமாகக் கிடைப்பவற்றில் டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் டி2யு ப்ளஸ் நல்ல தேர்வு. விலை ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும். ஆனால் இதை வாங்கி சிபியு பெட்டியில் கண்ட இடத்தில் செருகிவிட்டு "சிக்னலே வரவில்லை" என்று குறை சொல்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கோளாறு அடாப்டரில் இருக்காது. செருகிய இடம், அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள், ரவுட்டர் செட்டிங் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் 600 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், 2.4 கிகாஹெர்ட்ஸில் 200 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 433 எம்பிபிஎஸ், இரண்டையும் கூட்டி முழு எண்ணாகக் குறைத்துச் சொல்வது அது. ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுதான் வேலை செய்யும். அந்த 200-ம் எல்லா ரவுட்டரிலும் கிடைக்காது. அக்கம்பக்கத்து வைஃபைகள் நெருக்கும் அடுக்குமாடியில் 2.4-இல் சேனலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் கிடைக்கும் என்பதால், விண்டோஸ் காட்டும் இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ் அளவிலேயே நின்றுவிடும். கோப்பு இறங்கும் வேகம் அதிலும் ஏறக்குறைய பாதிதான். இது பழுதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 2.4-இல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இந்த அடாப்டருக்குக் கொடுக்கும் காசு 5 கிகாஹெர்ட்ஸுக்காகத்தான். அதை விட்டு 2.4-இலேயே ஓட்டுவதாக இருந்தால் டி2யு ப்ளஸ் வாங்குவதே வீண்.

பழைய மதர்போர்டில் யுஎஸ்பி 3.0 இல்லையே என்ற கவலை வேண்டாம். இந்த அடாப்டரே யுஎஸ்பி 2.0 தான், அந்த போர்ட்டின் 480 எம்பிபிஎஸ் இதற்குப் போதும்.

இனி இடம். டெஸ்க்டாப் என்பது தகரப் பெட்டி. அதன் பின்பக்கம் சுவரை ஒட்டி, மேஜைக்கு அடியில், ஒயர்க் கூட்டத்துக்கு நடுவில் இருக்கும். நகம் அளவே உள்ள நேனோ அடாப்டர்கள், இதே நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்725என் போன்றவை, அங்கே போய் ஒட்டிக்கொண்டால் ரவுட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் முழு சிபியுவும் நிற்கிறது. டி2யு ப்ளஸ்ஸில் 5 டிபிஐ (ஆண்டெனாவின் திறனைச் சொல்லும் அளவு) ஆண்டெனா வெளியே நிமிர்ந்து நிற்பதால் நிலைமை கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அடாப்டரை மேஜைக்கு மேலே, மானிட்டருக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஆண்டெனா செங்குத்தாக நிற்கட்டும். பெட்டியோடு இந்தக் கேபிள் வருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். இந்த விலைக்குச் சேர்த்தே கொடுத்திருக்கலாம் என்பது இந்தப் பொருளின் மீதான முதல் குறை. கேபிளை மிக நீளமாகவும் எடுக்காதீர்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு மொத்தமாக 5 மீட்டர்தான் எல்லை. விலை குறைந்த மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் அதற்கு முன்பே இறங்கிவிடும்.

எந்த போர்ட் என்பதும் முக்கியம். முன்பக்க போர்ட்டுகள் மதர்போர்டோடு நேரடியாக இல்லாமல், உள்ளே ஒரு மெல்லிய ஒயர் வழியாக இணைந்தவை. வருடக்கணக்கில் பென்டிரைவ் செருகிச் செருகி அந்த போர்ட்டும் தளர்ந்திருக்கும். பெரிய கோப்பு இறங்கும்போது மட்டும் இணைப்பு அறுந்து, யுஎஸ்பியைப் பிடுங்கிச் செருகும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டால் காரணம் அநேகமாக இதுதான். மதர்போர்டிலேயே பதித்த பின்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள். சற்றே புதிய இயந்திரமாக இருந்து நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளும் இருந்தால், அவற்றுக்குப் பக்கத்தில் அடாப்டரைச் செருக வேண்டாம். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அமுக்குகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டது. கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் நெட் படுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

சிக்னலைக் கோடுகளை எண்ணிப் பார்க்காதீர்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நெட்எஸ்எச் கட்டளையில் (netsh wlan show interfaces) வேலான், அதாவது வைஃபை இன்டர்ஃபேஸ் விவரத்தைக் கேட்டால் சிக்னல் சதவீதம், சேனல், இணைப்பு வேகம் மூன்றும் ஒன்றாக வரும். நூறு சதவீதம் என்பது ஏறக்குறைய மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு), ஐம்பது சதவீதம் மைனஸ் 75. அறுபதுக்குக் கீழே இருந்தால் டிரைவரைக் கிளறிப் பயனில்லை, அடாப்டரை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

அடுத்தது டிரைவர். நெட் இல்லாத கம்ப்யூட்டரில் நெட்டிலிருந்து டிரைவர் இறக்குவது எப்படி என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெட்டியில் சிடி இருந்தால் அதைப் போடலாம், பழைய டெஸ்க்டாப்பில் சிடி டிரைவ் இருப்பது இங்கே உதவும். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு ஃபோனை டேட்டா கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், அந்த நெட்டிலேயே டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடி பகுதியைப் பாருங்கள். 2357, 0120 என்ற எண்கள் இருந்தால் அது டி2யு ப்ளஸ், உள்ளே இருப்பது ரியல்டெக் 8821ஏயு சிப். டிரைவரை டிபி-லிங்க் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "எல்லா டிரைவரும் இலவசம்" என்று ஆசைகாட்டும் மென்பொருட்களை உள்ளே விட வேண்டாம், அவற்றால் வரும் தலைவலி பெரிது.

விண்டோஸ் 7-இல் டிரைவர் நிறுவிய பிறகும் மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 52 என்று வந்தால், டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை அந்த விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். புதிய டிரைவர்கள் எஸ்எச்ஏ-2 முறையில் கையெழுத்திடப்பட்டவை, அப்டேட் போடாத விண்டோஸ் 7-க்கு அது தெரியாது. மைக்ரோசாஃப்டின் 4474419 எண் அப்டேட்டை நிறுவினால் சரியாகும். டிரைவர் சரியாக இருந்தும் வைஃபை பட்டியலே வரவில்லை என்றால் சர்வீசஸ் பகுதியில் "வேலான் ஆட்டோகான்ஃபிக்" ஓடுகிறதா, ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இணைப்பு போகிறதா? டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்துங்கள்.

வைஃபை இணைந்திருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை. பாஸ்வேர்டை மறக்கச் செய்து மறுபடி இணையுங்கள், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால் முதலில் ரவுட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1. பிறகு கூகுளின் 8.8.8.8. இரண்டுக்கும் பதில் வந்து தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள்.

பழைய டெஸ்க்டாப்புக்கே உரிய இன்னொரு கோளாறும் உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னோக்கி ஓடிவிடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழின் தேதி பொருந்தவில்லை என்று பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கும். வைஃபையைக் குற்றம் சொல்லி அடாப்டரைத் திருப்பி அனுப்புமுன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். சில பத்து ரூபாய் பேட்டரியில் தீரும் பிரச்சினை அது.

ரவுட்டர் பக்கம் கவனிக்க வேண்டியவை சில. பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் விண்டோஸ் 7 இணையவே இணையாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். பழைய டிகேஐபி முறையில் விட்டால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 2.4-இல் சேனல் 12, 13 வேண்டாம், சில அடாப்டர்களுக்கு அவை கண்ணிலேயே படாது. 5-இல் 36 முதல் 48 வரை ஒன்றைப் பிடித்துக் கையால் அமைப்பது நல்லது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வேறு பெயர் கொடுங்கள். இல்லையென்றால் அடாப்டர் 2.4-இலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், நீங்களும் பொருள் சரியில்லை என்று நினைப்பீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ப்ளூடூத் இல்லை. ஆண்டெனாவைத் திருப்பலாம், கழற்றி வேறு மாட்ட முடியாது. லினக்ஸில் அண்மைக் கெர்னல்களில்தான் (லினக்ஸின் மையப் பகுதி) இதற்கு டிரைவர் கூடவே வருகிறது, பழைய பதிப்பென்றால் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் டிரைவரை நாமே கட்ட வேண்டும், கெர்னல் மாறும்போது அது உடைவதும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் பழைய இயந்திரங்களை லினக்ஸுக்கு மாற்றுபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரின் முதல் பதிப்பு, ஏதெரோஸ் 9271 சிப் உள்ளது, செருகியதும் வேலை செய்யும். 2.4 மட்டும்தான். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் பெயர் அதே, உள்ளே இருப்பது ரியல்டெக். அட்டையில் பதிப்பு எண் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மதர்போர்டிலேயே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டு போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம். ஆனால் ஆண்டெனா கார்டிலேயே இருந்தால் அதுவும் தகரப் பெட்டிக்குப் பின்னால்தான் நிற்கும். ஒயரோடு தனியாக வைக்கும் ஆண்டெனா உள்ளதாகப் பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200 சிப் உள்ள கார்டுகளுக்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும், விண்டோஸ் 7-க்கு டிரைவரே கிடையாது.

வாங்கினால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்து அரைமணி நேரம் பெரிய கோப்பொன்றை இறக்குங்கள். கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டு எழுப்பி, தானாக இணைகிறதா பாருங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளோடும் பின்பக்க போர்ட்டில் நேரடியாகவும் இரண்டு விதமாகவும் இதைச் செய்யுங்கள். நேரடியாகச் செருகினால் நிலையாக இருந்து கேபிளில் மட்டும் அறுந்தால் மாற்ற வேண்டியது கேபிளை. இரண்டிலும் அறுந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள், அங்கும் அறுந்தால்தான் அடாப்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.