130 மி.மீ. தொலைநோக்கி: யூரோப்பாவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக வேலை செய்கிறேன். பள்ளி அறிவியல் மன்றத்துக்காக 130 மில்லிமீட்டர் ஆடியும் 650 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி ஒன்றை வாங்கினோம். மேசைமேல் வைத்துக் கையால் திருப்பும் டாப்சோனியன் வகை. இதே அளவில் பல நிறுவனங்கள் விற்கின்றன, அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. விலை இருபதாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியது. பெரும்பகுதியை முன்னாள் மாணவர்கள் கொடுத்தார்கள்.

தொலைநோக்கி மதிப்புரைகளில் பொதுவாக நிலாவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு வேறு கேள்வி இருந்தது. பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று இன்று எங்கெல்லாம் தேடுகிறார்களோ, வியாழனின் நிலவான யூரோப்பா போன்ற அந்த இடங்களை என் மாணவர்கள் சொந்தக் கண்ணால் பார்க்க இந்தக் கருவி உதவுமா? பாடப்புத்தகத்தில் அச்சிட்ட படத்தை எத்தனை முறை காட்டினாலும் அது யாரோ எடுத்த படம்தான்.

முதலில் கருவியைப் பற்றி. அடித்தளம் அம்மிக்கல்லைப் போல அசையாமல் நிற்கிறது. இந்த விலையில் முக்காலியோடு வரும் தொலைநோக்கிகளில் இப்படி உறுதியானது கிடைப்பது அரிது. காற்றடித்தாலே அவற்றில் பிம்பம் ஆடும். கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்) தருகிறார்கள். அவற்றால் 26 மடங்கும் 65 மடங்கும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கினால் 130 மடங்கு வரை போகலாம். அட்டைப்பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு என்று அச்சிட்டு விற்கும் சிறிய தொலைநோக்கிகளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஆடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரண்டு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை. அதற்கு மேல் போனால் மங்கலான பிம்பம் பெரிதாகும், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. குழாயின் மேற்பகுதி திறந்திருப்பதால் தெருவிளக்கின் ஒளி உள்ளே புகுந்துவிடுகிறது. கறுப்பு சார்ட் தாளைச் சுற்றிக் கட்டினோம். கூட வரும் 10 மி.மீ. ஐபீஸ் தரத்தில் சுமார், ஓரங்களில் பிம்பம் கலங்குகிறது. ஆட்டோவில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனால் குழாயில் உள்ள பெரிய, சிறிய ஆடிகள் இரண்டும் இலேசாக விலகிவிடும். அவற்றின் திருகுகளைத் திருப்பி நேராக்கப் பழகிக்கொள்ள வேண்டும். வெளியே வைத்தவுடன் பார்க்கக் கூடாது. ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. அதற்கென்று செய்த வடிகட்டி இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும். இதைக் குழந்தைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

இனி வியாழன். 65 மடங்கில் வியாழன் வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவைவிடப் பெரிய வட்டமாகத் தெரிகிறது. நடுவே இரண்டு பழுப்புப் பட்டைகள். இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள்: அயோ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும் இவற்றைத்தான். அவருடைய கருவி ஏறக்குறைய 20 மடங்குதான் பெரிதாக்கியது. எது எந்த நிலவு என்பதை அன்றைய தேதிக்குக் கைப்பேசிச் செயலி ஒன்று காட்டிவிடும். யூரோப்பா மூன்றரை நாளில் வியாழனைச் சுற்றி வந்துவிடுகிறது. அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால் இடம் மாறியிருப்பது நன்றாகவே தெரியும். என் மாணவர்கள் நோட்டில் கோடு போட்டு, தினமும் நான்கு புள்ளிகளையும் குறித்தார்கள். அந்த நோட்டு எங்கள் ஆய்வகத்தின் மிகச் சிறந்த பதிவேடு.

யூரோப்பா வெறும் புள்ளிதான், அதில் ஐயம் வேண்டாம். 130 மி.மீ. ஆடியில் அதன் மேற்பரப்பில் ஒன்றையும் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் புள்ளியின் பனி ஓட்டுக்கு அடியில், பூமியின் பெருங்கடல்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சூரிய ஒளியே எட்டாத ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிரினங்கள் செழித்திருப்பதைக் கண்டார்கள். அதுவரை வெயில் இல்லாமல் இப்படி ஓர் உயிர்க்கூட்டம் வாழும் என்று எதிர்பார்த்தவர்கள் மிகக் குறைவு. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் யூரோப்பாவின் இருண்ட கடல் மீது இத்தனை அக்கறை பிறந்தது. 2024 அக்டோபர் 14 அன்று நாசா ஏவிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் இப்போது அங்கே போய்க்கொண்டிருக்கிறது. 2030-இல் சேரும். 49 முறை யூரோப்பாவை நெருங்கிக் கடக்கத் திட்டம். அது உயிரை நேரடியாகத் தேடாது. உயிர் வாழத்தக்க இடமா என்று அளந்து பார்க்கும். இந்த வேறுபாட்டை நான் குழந்தைகளுக்கு அழுத்திச் சொல்வேன்.

கானிமீடைக் காட்டும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. 1972 ஜூன் மாதம் அது ஒரு விண்மீனை மறைத்துச் சென்றதை எங்கள் மலையிலேயே உள்ள காவலூர் ஆய்வகத்திலிருந்தும் ஜாவாவின் லெம்பாங்கிலிருந்தும் கவனித்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற கருத்து அந்த அவதானிப்பிலிருந்துதான் எழுந்தது. 2023-இல் புறப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலம் பின்னர் அந்த நிலவையே சுற்றிவரப் போகிறது. இதைச் சொன்னபோது மலைமேல் இருந்து வரும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சனியின் அருகே டைட்டனை எளிதாகப் பிடிக்கலாம். மீத்தேன் ஏரிகள் கொண்ட அந்த நிலவில் 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் இறங்கியது. நீர்த்தாரைகளைப் பீய்ச்சும் இன்னொரு நிலவான என்சலடஸ் மட்டும் எங்களுக்குச் சிக்கவில்லை; சனியின் ஒளியில் மூழ்கிவிடுகிறது. அதற்காக வாங்குகிறவர்கள் 200 மி.மீ. ஆடிக்காவது பணம் சேர்க்க வேண்டும்.

ஒரு நாள் யூரோப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "டீச்சர், முன்னாடி அங்கே போன விண்கலம் என்ன ஆனது?" கலிலியோ விண்கலத்தை 2003-இல் வேண்டுமென்றே வியாழனுக்குள் விழவைத்து அழித்தார்கள் என்றேன். எரிபொருள் தீர்ந்து அது யூரோப்பா மீது மோதினால், நம் பூமியின் கிருமிகள் அந்தக் கடலைக் கெடுத்துவிடக்கூடும் என்பதுதான் காரணம். "அங்கே ஏதாவது இருக்கிறதென்று இன்னும் தெரியாதே?" என்றாள். தெரியாததால்தான் அவ்வளவு கவனம் என்றேன். வரிசையில் அடுத்து நின்றவனுக்கு இடம் விடாமல் அவள் இன்னும் சிறிது நேரம் பார்த்தாள்.

பெற்றோர்கள் கேட்பது வேறு. யூரோப்பா கிளிப்பருக்கு ஏறக்குறைய 500 கோடி டாலர். அவ்வளவு செலவழித்து அங்கே ஒன்றுமே இல்லையென்றால்? நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. தண்ணீர், வெப்பம், வேண்டிய தனிமங்கள் எல்லாம் இருந்தும் உயிர் தோன்றவில்லை என்று ஒரு நாள் உறுதியானால், அதுவே பெரிய செய்தி. உயிர் தோன்றுவது எவ்வளவு அரிது என்று அப்போதுதான் முதல்முறையாக ஓர் அளவுகோல் கிடைக்கும். இருக்கிறதென்றால் அதன் பொருள் இன்னும் பெரிது. செவ்வாயில் நுண்ணுயிர் கிடைத்தால்கூட, விண்கற்கள் வழியாக அங்கிருந்து இங்கோ இங்கிருந்து அங்கோ வந்த உறவாக இருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. தடித்த பனிக்கு அடியில் இருக்கும் யூரோப்பாவின் கடலுக்கு அப்படி ஒன்று போய்ச் சேர்வது மிகவும் கடினம். அங்கே உயிர் இருந்தால், அது பெரும்பாலும் தானாகவே, தனியாகத் தோன்றியதாக இருக்கும். ஒரே சூரியக் குடும்பத்தில் இரண்டு முறை நடந்த ஒன்று, கோடிக்கணக்கான விண்மீன்களைச் சுற்றி நடக்காமலா இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதை நான் ஆடம்பரம் என்று நினைக்கவில்லை. நாம் யார் என்பதை அறியும் வேலை அது. எங்கள் பள்ளியில் படிப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

செவ்வாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான மாதங்களில் இந்தக் கருவியில் அது சிறு செந்நிற வட்டம் மட்டுமே, ஏமாற்றம் தரும். 26 மாதங்களுக்கு ஒருமுறை அது பூமியை நெருங்கும்போதுதான் துருவப் பனியும் கருந்திட்டுகளும் புலப்படும்.

பள்ளிக்கு, நூலகத்துக்கு, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்க, இதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். வண்ணப் படங்களைப் போன்ற காட்சியை எதிர்பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம். வாங்குகிறவர்கள் பார்லோ லென்ஸையும் ஒரு நல்ல 10 மி.மீ. ஐபீஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூவாயிரம், நாலாயிரம் கூடுதலாகும். 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் ஒரே மாதத்தில் சூரியனுக்கு நேரெதிரே வருகின்றன, இரவு முழுவதும் வானில் இருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிவிட்டால் ஆடிகளைச் சீராக்கவும் புள்ளிகளை அடையாளம் காணவும் பழகிக்கொள்ளலாம்.