கொசு ஆய்வுக் கட்டுரைகளைச் செப்பனிட்டுத் தரும் சேவை: ஒரு மதிப்புரை

கொசுக் கட்டுப்பாடு தொடர்பான ஆய்வுக் கட்டுரைகளை அறிவியல் இதழ்களுக்கு அனுப்பும் நிலைக்குத் தயார்செய்து தரும் ஒரு கட்டணச் சேவையை எங்கள் ஆய்வுக்குழு இரண்டு கட்டுரைகளுக்குப் பயன்படுத்தியது. முதல் கட்டுரை, ஒரு தாவரச் சாறு ஏடிஸ் எஜிப்டி, கியூலெக்ஸ் குயின்குஃபாசியேட்டஸ் ஆகிய கொசுக்களின் லார்வாக்களை எந்தச் செறிவில் கொல்கிறது என்பதைப் பற்றியது. இரண்டாவது, வெளியிடங்களில் சேகரித்த அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசுக்கள் வழக்கமான பூச்சிக்கொல்லிகளுக்கு இன்னும் மடிகின்றனவா என்பதைப் பற்றியது. இந்தச் சேவை மூன்று அடுக்குகளாகக் கிடைக்கிறது: மொழித்திருத்தம் மட்டும், மொழித்திருத்தத்தோடு துறை அறிந்த ஒருவரின் அறிவியல் வாசிப்பு, இவற்றோடு இதழின் வடிவத்துக்கு ஏற்ப அமைத்துத் தருவது, இதழைத் தேர்ந்தெடுக்க உதவுவது ஆகியவையும் சேர்ந்த முழுத் தொகுப்பு. தாவரச் சாற்றுக் கட்டுரைக்கு முழுத் தொகுப்பையும், அனாபிலஸ் கட்டுரைக்கு மொழித்திருத்தத்தை மட்டும் வாங்கியதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறிவியல் வாசிப்பு, கொடுத்த பணத்துக்கு மேலாகவே பயன் தந்தது, மொழித்திருத்தத்தை மட்டும் தனியே வாங்குமாறு இத்துறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

மொழித்திருத்தம் மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. வாக்கியங்கள் சீராகின, காலப் பிழைகள் நீங்கின, ஒரே செய்தியை மூன்று இடங்களில் சொல்லியிருந்த முன்னுரை பாதியாகக் குறைந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. திருத்தியவர் மொழியை அறிந்தவரே தவிர கொசுவை அறிந்தவர் அல்லர். கொசுவியலில் பேரினப் பெயரைச் சுருக்கும்போது முதல் எழுத்தை மட்டும் போடுவதில்லை. ஏடிஸ், அனாபிலஸ் இரண்டுமே ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் குழப்பம் வராமலிருக்க இரண்டு எழுத்துகளில் சுருக்குவதே வழக்கம். பொதுவான உயிரியல் நடையைப் பின்பற்றிய திருத்துநர் அத்தனையையும் ஒற்றை எழுத்தாக்கிவிட்டார். அனாபிலஸும் ஏடிஸும் அடுத்தடுத்து வரும் ஒரு பத்தியில் எந்தக் கொசுவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் போயிற்று.

இதைவிட நுட்பமான இன்னொரு மாற்றமும் நடந்தது. ஏடிஸ் எஜிப்டிக்கு முதலில் பெயரிட்ட லின்னேயஸின் பெயரும் 1762 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். ஏனென்றால் அவர் அதைக் கியூலெக்ஸ் பேரினத்தில் வைத்தார், பிற்பாடு அது வேறு பேரினத்துக்கு மாறியது. அனாபிலஸ் ஸ்டீபன்சியை 1901இல் விவரித்த லிஸ்டனின் பெயருக்கும், கியூலெக்ஸ் குயின்குஃபாசியேட்டஸை 1823இல் விவரித்த தாமஸ் சே என்பவரின் பெயருக்கும் அடைப்புக்குறி வராது. அவர்கள் வைத்த பேரினத்திலேயே அந்தக் கொசுக்கள் இன்றும் இருக்கின்றன. விலங்கியல் பெயரிடு விதியின்படி அந்த அடைப்புக்குறி ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்கிறது. ஒரே சீராக இருக்கட்டும் என்று நினைத்த திருத்துநர் மூன்றுக்கும் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்தார். இதழுக்காகக் கட்டுரையைப் படித்து மதிப்பிடும், வகைப்பாட்டியல் தெரிந்த மதிப்பீட்டாளர் ஒருவர் கையில் இது கிடைத்தால், கட்டுரை எழுதியவர்களுக்குத் தங்கள் கொசுவையே சரியாகத் தெரியாது என்ற எண்ணத்தோடுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

பொருளையே மாற்றிய திருத்தமும் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நடைமுறைப்படி, வரையறுக்கப்பட்ட செறிவில் கொசுக்களை வைத்து 24 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 98 விழுக்காடும் அதற்கு மேலும் இறந்தால் அந்தக் கொசுக்கள் மருந்துக்கு மடிபவை. 90க்குக் கீழே இருந்தால் எதிர்ப்புத்திறன் உறுதி. 90 முதல் 97 வரை என்றால் எதிர்ப்புத்திறன் இருக்கக்கூடும், ஆனால் மேலும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். இந்த நடுப்பகுதியில் விழுந்த முடிவுகளைப் பற்றி நாங்கள் வேண்டுமென்றே தயக்கத்தோடு எழுதியிருந்த வாக்கியங்களை, திருத்துநர் நடை தெளிவாக வேண்டும் என்பதற்காக உறுதியான கூற்றுகளாக்கிவிட்டார். ஒரு வட்டாரத்தில் எந்த மருந்தைத் தெளிப்பது, எதைக் கைவிடுவது என்ற முடிவுகள் இத்தகைய கட்டுரைகளைப் பார்த்து எடுக்கப்படுகின்றன. அந்தத் தயக்கம் நடையின் குறையன்று, அதுவே கண்டுபிடிப்பின் அளவு. மாற்றங்கள் அனைத்தும் தடம் தெரியும்படி குறிக்கப்பட்டிருந்ததால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. அந்த நேர்மைக்காகச் சேவையைப் பாராட்ட வேண்டும். ஆனால் அப்படிப் பார்ப்பதற்குச் செலவான நேரத்தில் மொழியை நாங்களே சரிசெய்திருக்கலாம்.

இனி அறிவியல் வாசிப்புக்கு வருகிறேன். தாவரச் சாற்றுக் கட்டுரையைப் படித்தவர் யார் என்பதைச் சேவை வெளியிடுவதில்லை. ஆனால் ஓரக்குறிப்புகளைப் படித்ததுமே அவர் லார்வாக்களைத் தட்டில் வளர்த்து, கிண்ணங்களில் எண்ணி, இறந்ததா இல்லையா என்று ஊசிமுனையால் தொட்டுப் பார்த்த ஒருவர் என்பது புரிந்துவிட்டது. அவருடைய முதல் கேள்வியே, சாறு சேர்க்காமல் ஒப்பிடுவதற்காக வைக்கும் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியது. சாற்றை எத்தனாலில் கரைத்துத்தான் நீரில் சேர்த்தீர்கள் என்றால், ஒப்பீட்டுக் கிண்ணங்களிலும் அதே அளவு எத்தனால் சேர்க்கப்பட்டதா, அல்லது வெறும் நீர் மட்டும் இருந்ததா என்று கேட்டிருந்தார். சேர்த்திருந்தோம், கட்டுரையில் அது ‘ஒப்பீட்டுக் குழு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தது. படிப்பவருக்கு அது தெரியாதபோது, லார்வாவைக் கொன்றது சாறா, கரைப்பானா என்ற ஐயம் கட்டுரை முழுவதையும் தொடரும்.

அடுத்து அவர் உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட லார்வாக்கொல்லிச் சோதனை வழிகாட்டுதலைக் கையில் வைத்துக்கொண்டு செய்முறைப் பகுதியை வரிவரியாகப் பார்த்திருந்தார். ஒரு கிண்ணத்துக்கு 25 லார்வாக்கள், லார்வா வளர்ச்சியில் மூன்றாம் நிலையின் பிற்பகுதி அல்லது நான்காம் நிலையின் தொடக்கம், ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது நான்கு கிண்ணங்கள் என்பவையெல்லாம் எங்கள் படியில் இருந்தன. சோதனை முழுவதும் மூன்று வெவ்வேறு நாள்களில், புதிதாகத் தயாரித்த கரைசலோடு திரும்பச் செய்யப்பட்டதா என்பதைத் தனியே எழுதச் சொன்னார். இது வெறும் சம்பிரதாயம் அன்று. ஒரே நாளில், ஒரே தட்டிலிருந்து எடுத்த லார்வாக்களை நான்கு கிண்ணங்களில் பிரித்து வைத்தால் கிடைப்பவை நான்கு தனித்தனிச் சான்றுகள் அல்ல. அன்றைய கரைசலில் ஏதேனும் கோளாறு இருந்தால் நான்கும் ஒன்றாகவே பிசகும். வெளிவரும் லார்வாக்கொல்லிக் கட்டுரைகள் பலவற்றில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது என்பது என் கருத்து; இதைத் தேடிப்பிடித்துக் கேட்கும் ஒரு வாசகர் கிடைப்பது பெரும் பேறு.

இறப்பு விகிதத்தைத் திருத்தும் முறை பற்றியும் அவர் விரிவாகக் கேட்டார். ஒப்பீட்டுக் குழுவில் 5 முதல் 20 விழுக்காடு வரை லார்வாக்கள் இறந்திருந்தால் 1925ஆம் ஆண்டைச் சேர்ந்த அபாட் சூத்திரத்தைக் கொண்டு மற்ற எண்களைத் திருத்த வேண்டும்; ஒப்பீட்டுக் குழுவில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டுப்புழுவாகிவிட்டால் அந்தச் சோதனையையே கைவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஒப்பீட்டுக் குழுவில் 10 விழுக்காடும் சாறு கலந்த கிண்ணத்தில் 80 விழுக்காடும் இறந்தன என்று வைத்துக்கொண்டால், 80லிருந்து 10ஐக் கழித்து 70 என்று எழுதுவது தவறு. அந்த 70ஐ, 100லிருந்து 10ஐக் கழித்த 90ஆல் வகுக்கும்போது கிடைக்கும் 77.8 விழுக்காடே திருத்திய அளவு. அட்டவணையில் திருத்தாத எண்ணையும் திருத்திய எண்ணையும் பக்கம்பக்கமாகக் கொடுக்கும்படி அவர் சொன்னார். உயிர் ஊசலாடும் நிலையில் இருந்த லார்வாக்களை இறந்தவையாக எண்ணினோமா என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொன்னார்.

புள்ளியியலில் அவர் காட்டிய கவனம் வேறு எந்தத் திருத்தச் சேவையிலும் நான் காணாதது. பாதி லார்வாக்களைக் கொல்லும் செறிவை, செறிவுக்கும் இறப்புக்கும் உள்ள உறவை நேர்கோடாக்கிப் பார்க்கும் புராபிட் பகுப்பாய்வில் கணக்கிட்டுக் கொடுத்திருந்த அட்டவணையில், 95 விழுக்காடு நம்பக எல்லைகளோடு கோட்டின் சாய்வும், தரவு கோட்டோடு பொருந்துகிறதா என்று காட்டும் கை-வர்க்க மதிப்பும் இருக்க வேண்டும் என்றார். தரவு கோட்டோடு சரியாகப் பொருந்தவில்லை என்று கை-வர்க்கம் காட்டினால், நம்பக எல்லைகளை அதற்கேற்ப அகலப்படுத்தினோமா என்றும் கேட்டார். மென்பொருள் தந்த 0.000 என்ற நிகழ்தகவு மதிப்பை 0.001க்குக் குறைவு என்று மாற்றியிருந்தார். நிகழ்தகவு ஒருபோதும் சுழியாக இருக்க முடியாது என்ற ஒற்றை வரிக் குறிப்போடு. வேதிப் பகுப்பாய்வில் கண்டறிந்த சேர்மங்களின் நீண்ட பட்டியலைப் பற்றி அவர் எழுதியதும் முக்கியமானது: ஒரு சேர்மம் சாற்றில் இருக்கிறது என்பதால் அதுவே லார்வாவைக் கொன்றது என்று ஆகிவிடாது, அதைத் தனியே பிரித்துச் சோதிக்காதவரை அதன்மேல் பழியோ புகழோ போட முடியாது. தாவரத்தின் அடையாள மாதிரி எந்த உலர்தாவரத் தொகுப்பில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்கிச் சேர்த்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது, கலந்துரையாடல் பகுதியின் கடைசிப் பத்தியில் அவர் செய்த தலையீடு. எங்கள் குழுவின் இளம் ஆய்வாளர் ஆர்வத்தோடு, இந்தச் சாறு டெங்குவைக் குறைக்க உதவும் என்று எழுதியிருந்தார். கிண்ணத்தில் லார்வா இறப்பதற்கும் ஊரில் நோய் குறைவதற்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை வாசித்தவர் பொறுமையாக எழுதிக் காட்டியிருந்தார்: வெளிச்சூழலில் உள்ள தொட்டிகளில் சாறு எத்தனை நாள் வீரியத்தோடு நிற்கும், அதே நீரில் வாழும் மற்ற உயிர்களுக்கு என்ன ஆகும், லார்வாக்கள் குறைவதால் வளர்ந்த கொசுக்கள் உண்மையிலேயே குறைகின்றனவா, கொசுக்கள் குறைவதால் நோய் குறைகிறதா. நோய் குறைந்தது என்று சொல்வதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்பதற்கு அவர் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த வோல்பாக்கியா ஆய்வை எடுத்துக்காட்டினார். அங்கே நகரின் பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் மட்டும் வோல்பாக்கியா நுண்ணுயிர் கொண்ட ஏடிஸ் கொசுக்களை விட்டு, ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட டெங்கு நோயாளிகளை எண்ணினார்கள். 2021இல் வெளியான அந்த முடிவில் நோய் 77 விழுக்காடு குறைந்திருந்தது. சாறு டெங்குவைக் குறைக்க உதவும் என்ற எங்கள் வாக்கியத்தை நாங்கள் எடுத்துவிட்டோம். தலைப்பிலும் ‘ஆய்வகச் சூழலில்’ என்ற சொல்லைச் சேர்த்தோம்.

ஒழுங்குமுறைக் குறிப்புகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெண் கொசுக்களுக்கு இரத்தம் எதிலிருந்து ஊட்டப்பட்டது, விலங்கு என்றால் நெறிக்குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்ற கேள்வி சரியான இடத்தில் வந்தது.

முழுத் தொகுப்பின் மீதிப் பகுதிகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. வடிவமைப்பு வேலைக்குத் தனியே பணம் கொடுக்கத் தேவையில்லை. சான்றுப் பட்டியலை ஜொட்டெரோ போன்ற இலவச மென்பொருளே இதழின் நடைக்கு மாற்றிவிடும், முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவத்திலும் கட்டுரையை ஏற்கும் இதழ்களும் இப்போது நிறைய உள்ளன. இதழைத் தேர்ந்தெடுக்க அவர்கள் தந்த பட்டியல் எனக்கு ஏமாற்றமே. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் தாக்கக் காரணியின் இறங்குவரிசையில் இதழ்களை அடுக்கியிருந்தார்களே தவிர, லார்வாக்கொல்லிகளின் ஆய்வகச் சோதனையை மட்டும் கொண்ட கட்டுரையை எந்த இதழ் ஏற்கிறது, எது வெளிக்களச் சான்று இல்லாமல் திருப்பி அனுப்பிவிடும் என்ற, எங்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட தகவல் அதில் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பீடே செய்யாமல் வெளியிடும் போலி இதழ்கள் கொசுவியலிலும் மலிந்திருக்கும் காலத்தில், அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு பக்கமாவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.

மதிப்பீட்டாளர்களுக்கான பதில் கடிதத்தைச் சரிபார்த்துத் தருவதும் தொகுப்பில் அடங்கும். அதை முதலில் நான் பொருட்படுத்தவில்லை, ஆனால் நன்றாகவே செய்தார்கள். ஒவ்வொரு கருத்துக்கும் கீழே என்ன மாற்றினோம், எந்த வரியில் மாற்றினோம் என்று எழுதவைத்தார்கள். ஏற்க முடியாத கருத்துக்குப் பணிவாக, ஆனால் சான்றோடு மறுப்புச் சொல்லவும் இடம் கொடுத்தார்கள். ஒரு மதிப்பீட்டாளர் கேட்ட கூடுதல் சோதனை எங்கள் ஆய்வின் எல்லைக்கு வெளியே இருந்தது. அதைச் செய்கிறோம் என்று பொய்யாக ஒப்புக்கொள்ளாமல், ஆய்வின் வரம்பாகக் கட்டுரையிலேயே எழுதிவிடும்படி சொன்ன ஆலோசனை சரியாக இருந்தது.

வாங்க நினைப்பவர்கள் இரண்டு செய்திகளை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, கட்டுரையை வாசிப்பவர் கொசுக்களோடு வேலை செய்தவரா, அல்லது பொதுவான உயிரியல் பட்டதாரியா என்பது. பெயரைச் சொல்லமாட்டார்கள், ஆனால் எந்தக் கொசுப் பேரினத்தில், ஆய்வகத்திலா வெளிக்களத்திலா அனுபவம் என்று கேட்டால் எழுத்தில் பதில் தருகிறார்கள். மற்றொன்று, வெளியிடப்படாத தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் அது உள்ளிடப்படுகிறதா என்பது. பல இதழ்கள் இப்போது அத்தகைய கருவிகளின் பயன்பாட்டை எழுத்தாளர்கள் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன, அதற்குப் பொறுப்பேற்பது நாம்தான். சேவையின் உதவியை நன்றியுரையில் குறிப்பிட வேண்டும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிப்படி மொழித்திருத்தமோ எழுத்துதவியோ மட்டும் செய்தவர் கட்டுரையின் ஆசிரியராக முடியாது. இந்தச் சேவை அந்த நெறியைத் தானாகவே எடுத்துச்சொன்னது, நன்றியுரையில் சேர்ப்பதற்கான வாக்கியத்தையும் எழுதித் தந்தது. அடுத்த கட்டுரைக்கு இரண்டாம் அடுக்கை மட்டும் வாங்கப்போகிறோம், அதே வாசிப்பாளர் கிடைப்பாரா என்று கேட்டும் எழுதியிருக்கிறோம்.