டிவியில் என் காது

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் கங்கா ஸ்நானத்துக்கு முன்னால் காதில் காய்ச்சிய நல்லெண்ணெய் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த முறையும் விழுந்தது. வெளியே ஐப்பசி அடைமழை, காதுக்குள் எண்ணெய். கொஞ்ச நாளில் வலது காது அடைத்துக்கொண்டது. அப்புறம் அரிப்பு. வலி என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இது தூங்கவே விடவில்லை. மருந்துக்கடைக்காரர் என்ன ஏது என்று கேட்காமலே அம்மாவிடம் ஒரு ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தைக் கொடுத்தனுப்பினார். அரிப்பு இன்னும் ஏறியது.

நான் இருக்கும் லண்டனில் பல ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்குகளில் காது அழுக்கு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். தனியாரிடம் போனால் பெரும்பாலும் 50 பவுண்டுக்குக் குறையாது. கும்பகோணத்தில் காலையில் டோக்கன் போட்டால் மதியத்துக்குள் காது மூக்கு தொண்டை டாக்டரையே பார்த்துவிடலாம். அந்தச் சந்தோஷம் டாக்டர் அறைக்குள் நுழையும் வரைதான்.

உள்ளே ஏற்கெனவே பெஞ்சில் அடுத்த டோக்கன்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி. டாக்டர் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை என் காதில் விட்டதும் மொத்த பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்தது. நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மேலே மிளகுத்தூள் தூவியது போல இருந்தது என் காது. ரிசப்ஷனில் பிறந்த தேதி கேட்டால்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பழகியவன் நான். இங்கே மடியில் குழந்தையோடு இருந்த ஒரு அம்மா, "காளானுங்களா டாக்டர்? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்!

ஆமாம், பூஞ்சைதான். டாக்டர் என்னை விட்டுவிட்டு பெஞ்சுக்குப் பாடம் எடுத்தார். காது மடலை இழுத்தால் உயிர் போகிற வலி என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்து, காதும் அடைத்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். வலியில்லாமல் காது மந்தமாகி, தலைக்குக் குளித்ததும் சுத்தமாக அடைத்துப்போனால் அழுக்கு தண்ணீரில் ஊதியிருக்கும். சீழ் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம்; அந்தக் காதில் எண்ணெயும் கூடாது, தண்ணீரும் கூடாது. அந்த மிளகுத்தூள் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சையாம். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குக் கொண்டாட்டம். ஆன்டிபயாட்டிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதோடு மல்லுக்கட்டும் பாக்டீரியாவைக் கொன்று இடத்தைக் காலி செய்து கொடுத்துவிடும். உறிஞ்சுகுழாய் வைத்துச் சுத்தம் செய்தார், க்ளோட்ரிமசோல் சொட்டு எழுதினார். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு.

கூட வந்த மாமாவுக்கும் பல மாதமாகக் காது வலி. அவர் காதை டிவியில் பார்த்தால் கண்ணாடி மாதிரி சுத்தம். "ஐயா, வாயைத் திறங்க" என்றார் டாக்டர். மாமாவால் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தொட்டால் கயிறு கயிறாக விறைப்பு. காரம் பட்டால் எரியுமா என்றார். ரொம்ப நாளாகவே ரசம்கூட எரிகிறது என்றார் மாமா. அத்தைக்கே அது அன்றுதான் தெரியும்.

கடைவாய்ப் பல், நாக்கு, தொண்டை, எங்கே கோளாறு என்றாலும் வலி காதில் தெரியுமாம். நரம்பு வழி அப்படி. மாமாவுக்குப் பாக்கினால் வந்த சதை இறுக்கம், புற்றாக மாறக்கூடியது. "நான் புகையிலையே போடுறதில்லை சார், வெறும் சீவல்தான்" என்று அவர் வாதாடிப் பார்த்தார். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 அறிக்கையிலேயே சொல்லிவிட்டதே என்றார் டாக்டர். மூன்று வாரமாகியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் உடனே காட்ட வேண்டுமாம். சதைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். லண்டனில் காதுக்கு வாங்கிய அப்பாயின்ட்மென்டில் இப்படி வாயையும் திறந்து பார்ப்பார்களா என்பது சந்தேகம்.

என் காது வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி கம்பவுண்டரிடம் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வந்தது. யாரோ ஒருவருடைய இடது காது. செவிப்பறையில் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது.