நாய்க்கடிக்கு 'எதிர்ப்பு சக்தி' சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்: கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் படித்துவிடுங்கள்

பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி நடந்து வந்த என் மகனை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு நாய் கடித்துவிட்டது. அவனுக்கு ஒன்பது வயது. வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் பதிந்திருந்தது. ஒன்று வெறும் சிவப்பு. இன்னொன்று பச்சரிசி அளவு ஓட்டை, அழுத்தினால் ரத்தம் கசிந்தது. பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் காபித்தூள் கொண்டுவந்து அப்பினார். நான் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட்டு, கையில் துணியைச் சுற்றி, ஆட்டோ பிடித்து ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே இருந்தவர் நிதானமாகத்தான் பேசினார். "வீட்டு நாய்தானேம்மா? ஊசி போட்ட நாயாத்தான் இருக்கும். காயமும் சின்னது. பச்சைப் பிள்ளைக்குத் தொப்புளைச் சுத்தி ஊசி போடணுமா? ஒரு டிடி போட்டுடறேன். பையன் ஒல்லியா இருக்கான், எதிர்ப்பு சக்தியை ஏத்திவிட்டாப் போதும், எது உள்ள வந்தாலும் உடம்பே பாத்துக்கும்." ஸ்பிரிட்டால் துடைத்து, பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினார். பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்த்ததற்கு 300, டிடி 150, சிரப் 480, ஜிங்க்கும் வைட்டமின் சி-யும் சேர்ந்த மாத்திரை 620, பாலில் கலக்கும் பவுடர் 950. மொத்தம் 2,500 ரூபாய். அந்தச் சீட்டில் ரேபிஸ் என்ற வார்த்தையே கிடையாது.

நானும் நம்பினேன். கொரோனாவுக்குப் பிறகு 'இம்யூனிட்டி' என்று யார் சொன்னாலும் நாம் எல்லோருமே நம்பிவிடுகிறோம்.

புதன்கிழமை சாயங்காலம் குன்னூரிலிருந்து என் அப்பா வந்தார். சிம்ஸ் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறதே, ரேபிஸ் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், அங்கே ஆட்டுக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் கையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "ஏம்மா, சீரம் போட்டாங்களா?" "சீரமா? டிடி போட்டாங்கப்பா." அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிமிஷம் எழுந்து, "ஸ்வெட்டரை மாட்டு கண்ணா, கிளம்பலாம்" என்றார். எட்டரை மணிக்கு அரசு மருத்துவமனையில் இருந்தோம்.

அங்கே பணியில் இருந்த டாக்டரம்மா முதலில் செய்த காரியம் கட்டைப் பிரித்ததுதான். பிறகு அவன் கையைக் குழாய்க்குக் கீழே நீட்டி, சாதாரண சோப்பைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினார்கள். குளிரில் பையன் நடுங்கினான், விடவில்லை. ரேபிஸ் வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது, சோப்பு பட்டால் அது கரைந்துவிடும் என்றார். "கடிச்ச உடனே வீட்டுக் குழாயிலேயே இதைச் செஞ்சிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும்மா. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு இரண்டு கையிலும் தோள்பட்டைக்குக் கீழே தடுப்பூசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, அப்பா பராமரித்த ஆடுகள் எல்லாம் அதற்குத்தான். 2004-ஓடு நம் நாட்டில் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆய்வகத்தில் செல்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸ்தான் மருந்து. ஒரு கைக்கு 0.1 மில்லி, அவ்வளவுதான். தோலின் மேலடுக்கிலேயே போடுகிறார்கள், கொசு கடித்த மாதிரி ஒரு சின்ன மொட்டு எழும்புகிறது. தோலில் காவல் செல்கள் அடர்த்தியாக இருப்பதால் இந்தத் துளி மருந்தே போதுமாம். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும்.

அதற்கப்புறம்தான் சீரம். பையனை எடை போட்டார்கள், 24 கிலோ. கிலோவுக்கு 40 யூனிட் கணக்கில் 960 யூனிட், மூன்று மில்லிக்குச் சற்று மேல். அதை அந்தப் பல் ஓட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் ஊசியால் ஏற்றினார்கள். உள்ளங்கையில் தசை குறைவு, வலி தாங்க முடியாது. அப்பா அவன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். காயம் மருந்தால் உப்பி வெளுத்ததை நான் மறக்கவே மாட்டேன். எனக்கு ஆகிய செலவு ஆட்டோக் காசு மட்டும்.

தடுப்பூசி போட்டாச்சே, சீரம் வேறு எதற்கு என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்னதும், வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அப்பா விளக்கியதும் சேர்ந்துதான் அந்தக் கிளினிக்கில் என்ன தப்பு நடந்தது என்று எனக்குப் புரிந்தது.

நம் பாட்டிமார் 'நெறி கட்டியிருக்கு' என்பார்களே, காலில் புண் வந்தால் தொடையிடுக்கிலும் கையில் வந்தால் அக்குளிலும் கட்டியாக வீங்குமே, அதுதான் உடம்பின் பாடசாலை. கிருமி நுழைந்ததும் முதலில் ஓடிவருவது கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும் வெள்ளை அணுக்கள். காயம் சிவந்து, சூடாகி, சீழ் கோப்பது அவற்றின் வேலை. கூடவே தோலில் இருக்கும் காவல் செல்கள் கிருமியின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அந்த நெறிக்குப் போகின்றன. அங்கே பல கோடி செல்கள் காத்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அடையாளம்தான் தெரியும். வந்த துண்டுக்குச் சரியாகப் பொருந்தும் செல் எதுவோ அது மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகி, கடைசியில் அந்தக் கிருமிக்கென்றே ஆன்டிபாடியைச் சுரக்கிறது. பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருக்கும். இதற்கு 7 முதல் 14 நாள் ஆகும். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கும் அதே கணக்குதான். சிரப் குடித்தால் இது ஒரே நாளில் நடந்துவிடாது.

டிடி-யும் அப்படித்தான். அது டெட்டனஸ் விஷத்தை அடையாளம் காட்டும் ஊசி. ரேபிஸுக்கு அது எந்த வேலையும் செய்யாது. நாய் கடித்த காயத்துக்கு டிடி போட்டது தப்பே கிடையாது, அதை மட்டும் போட்டு அனுப்பியதுதான் கொடுமை.

ரேபிஸ் வைரஸ் மற்ற கிருமி மாதிரி ரத்தத்தில் பரவிக் காய்ச்சலைக் கிளப்பி ஆர்ப்பாட்டம் செய்யாது. கடித்த இடத்துத் தசையில் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு நரம்பு நுனியில் நுழைந்து நரம்பு வழியே மூளையை நோக்கி மெல்ல ஏறும். நரம்புக்குள் போய்விட்டால் நம் காவல் படையின் கண்ணில் அநேகமாகப் படாது. அது மூளையைத் தொட்டு, தண்ணீரைக் கண்டால் பயப்படும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லவே இல்லை. உள்ளங்கை, முகம், கழுத்து எல்லாம் நரம்பு நெருக்கமான இடங்கள், அங்கே கடித்தால் ஆபத்து அதிகம். கிளினிக்கில் 'சின்னக் காயம்' என்றார்களே, அந்தக் காயம் எங்கே இருந்தது என்று பாருங்கள்.

ஒரே ஆறுதல், அது மெல்ல ஏறுவதுதான். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம், சிலருக்கு ஒரு வாரத்துக்குள், சிலருக்கு வருஷம் தாண்டியும் ஆகலாம். அதனால்தான் கடித்த பிறகு தடுப்பூசி போட்டாலும் உடம்பு முந்திக்கொள்ள முடிகிறது. முந்தும்வரை இருக்கிற அந்த ஒன்றிரண்டு வார இடைவெளிக்குத்தான் சீரம். வேறு உடம்பில், பெரும்பாலும் குதிரையில், ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடியைக் கடன் வாங்கிக் காயத்திலேயே காவலுக்கு நிறுத்துகிறார்கள். 1890-இல் பேரிங், கிடசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி இது. கடன் வாங்கியது சில வாரங்களில் கரைந்துவிடும், அதற்குள் சொந்தச் சரக்கு வந்துவிடும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரம் போட மாட்டார்கள், உடம்பின் சொந்த வேலையைக் கெடுத்துவிடும் என்பதால்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டு நாள் வீணாகிவிட்டதே என்று அரற்றிக்கொண்டே இருந்தேன். அப்பாதான் சொன்னார்: 1885 ஜூலை 6-ஆம் தேதி, ரேபிஸ் தடுப்பூசியைக் கண்டுபிடித்த லூயி பாஸ்டரிடம் ஜோசப் மைஸ்டர் என்ற பையனைக் கொண்டுவந்தபோது அவனுக்கும் ஒன்பது வயது, அவனும் கடிபட்டு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தான், 13 ஊசி போட்டார்கள், பிழைத்தான் என்று. அவர் வேலை பார்த்த இடத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1907-இல் குன்னூரில் அந்த நிலையம் வருவதற்கு முன்னால் தெற்கே நாய் கடித்தவர்கள் வடக்கே இமயமலைப் பக்கம் இருக்கும் கசௌலிவரை ரயிலேற வேண்டியிருந்ததாம். இன்று நம் மலையிலேயே நூறு வருஷத்துக்கு மேலாக ரேபிஸுக்கென்று ஒரு நிலையம் நிற்கிறது. அதன் காலடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிளினிக் பிள்ளைகளுக்கு சிரப் விற்கிறது. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

வைட்டமின் சி-யும் ஜிங்க்கும் உடம்புக்குத் தேவைதான், குறைவாக இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எதிர்ப்பு சக்தி என்பது தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டே போகிற சமாச்சாரம் கிடையாது. என் நாத்தனாருக்கு முடக்குவாதம். அவருடைய எதிர்ப்பு சக்தியே அவர் மூட்டைத் தாக்குகிறது, அதை அடக்கத்தான் மாத்திரை சாப்பிடுகிறார். அவரிடம் யாராவது இந்தப் பவுடரை விற்றிருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை பில்லோடு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். "தடுப்பூசிக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோமே" என்று கூசாமல் சொன்னார்கள். சீட்டில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. காசைத் திருப்பித் தருகிறோம், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார்கள். நான் வாங்கவில்லை. பில், சீட்டு, உடைக்காத சிரப் பாட்டிலின் படம், அரசு மருத்துவமனை ஊசி அட்டை எல்லாவற்றையும் சேர்த்து ஊட்டியில் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடப்பதால் கிளினிக் பெயரை இங்கே போடவில்லை, கமெண்டிலும் யாரும் கேட்க வேண்டாம்.

பையன் நன்றாக இருக்கிறான். மூன்று தவணை முடிந்தது, 28-ஆம் நாள் ஊசி வருகிற புதன்கிழமை.

அந்த நாயை அன்றைக்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. செம்பட்டை நிறம், இடது காது மடங்கியிருக்கும். அதற்கு ஊசி போட்டதாகச் சொன்னவர்களிடம் அட்டை கேட்டேன், ஒருவரிடமும் இல்லை. அந்த வாரத்தில் அது வேறு யாரையாவது கடித்திருந்தாலோ, பிறாண்டியிருந்தாலோ, காயம் ஆறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நாள் கடந்துவிட்டாலும் தடுப்பூசி தொடங்கலாம், தொடங்கியே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி மூன்று ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஊசிக்குக் காசு கிடையாது. சந்தேகம் இருந்தால் 104-க்குக் கூப்பிடுங்கள். லைன் வீடுகளில் போன் இல்லாத பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் யாராவது நேரில் போய்ச் சொல்லுங்கள்.