குட்டிக்குதிரைக்கு முதல் சேணம்: ஆன்லைனில் வாங்கிய செட் எப்படி இருக்கிறது?

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரி பெட்டைக்குட்டி பிடித்தேன். விற்றவர் மூன்றரை வயது என்று அடித்துச் சொன்னார். ஊரில் முன்பு ஜட்கா ஓட்டிய பெரியவர் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "மேல ரெண்டு, கீழ ரெண்டு, நடுப்பல்லுதான் மாறியிருக்குதுங்க தம்பி. இன்னும் மூணே முடியல" என்றார். அதற்குள் நான் சேணத்துக்குப் பணம் கட்டியாயிற்று. கான்பூரில் தைத்து ஆன்லைனில் விற்கும் ஒரு கடை. முதுகுப்பட்டை, கம்பளி விரிப்பு, சிந்தெடிக் சேணம், வயிற்று வார் எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய்.

முதலில் பட்டை, அதாவது சேணம் வைக்குமுன் குட்டியைப் பழக்க முதுகையும் நெஞ்சையும் சுற்றிக் கட்டுவது. செட்டிலேயே உருப்படியான பொருள் இதுதான். கை அகலப் பட்டை. முதுகெலும்பு படும் இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மெத்தை வைத்திருக்கிறார்கள். பக்கிள் இடது வலது இரண்டிலும் உண்டு, துளைகள் நெருக்கமாக இருக்கின்றன. கடைப் படத்தில் பார்த்தபோது இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. கட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. குட்டி பயப்படுவது முதுகில் ஏறும் கனத்துக்கு மட்டுமல்ல, நெஞ்சைச் சுற்றி இறுக்கும் பிடிக்கும்தான். ஒரே இழுவையில் இறுக்கினால் துள்ளும். ஒரு துளை, நாலடி நடை, இன்னொரு துளை என்று போனால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்காகத் தொளதொளவென்றும் விடக்கூடாது. நழுவி அடிவயிற்றுக்குப் போனால் அதைவிட வம்பு.

பட்டைக்கு முன்னால் ஐந்து நாள் வெறும் கோணிச்சாக்குதான். கழுத்து, முதுகு, விலா என்று தடவி எடுத்தோம். இடது பக்கம் பழகியது என்று நம்பி வலது பக்கம் போனால் முதல் நாள் மாதிரியே சிலிர்த்தது. "அந்தக் கண்ணு இன்னும் பாக்கலீங்களே" என்றார் பெரியவர். பட்டை கட்டும்போது கயிற்றைக் கம்பத்தில் கட்டவே விடமாட்டார். ஒருவர் தலைக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டுகிறவர் நிற்கும் பக்கமே நிற்க வேண்டும். குட்டி மிரண்டு விலகினால் காலியான பக்கம் போகுமாம்.

விரிப்பு பரவாயில்லை, வியர்வையை இழுக்கிறது.

சேணத்துக்கு வருகிறேன். முதலில் வந்தது மீடியம் அளவு. என் குட்டிக்குப் பிடரி முடியும் இடத்து மேடு உயரம், தோள் ஒடுக்கம். சேணத்தை வைத்ததும் முன்பகுதி அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டு விரல் நுழையவில்லை. அலுமினியக் கம்பியை மேட்டின் மேல் வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து அனுப்பினேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் 12 நாளில் ஒடுங்கிய அளவை அனுப்பிவைத்தார். அதைப் பாராட்ட வேண்டும்.

மாற்றி வந்த சேணம்தான் காலை வாரியது. நாலாவது நாள், மக்காச்சோளம் அறுத்த காட்டில் நடத்திக்கொண்டிருந்தோம். இடது பக்கம் வயிற்று வாரைப் பிடித்திருந்த பட்டியின் தையல் பர்ரென்று விட்டது. சேணம் சுழன்று வயிற்றுக்கடியில் தொங்க, குட்டி உதைத்துக்கொண்டே ஓடியது. கயிறு என் உள்ளங்கையை உரித்துவிட்டது. பெரியவர் சொன்னார் என்று, ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடிகளைக் கழற்றி வைத்திருந்தேன். அந்த இரும்பும் பின்னங்காலில் அடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அப்புறம் மூன்று வாரம் மறுபடியும் சாக்கு.

படம் எடுத்து அனுப்பினால், "நீங்க ரஃப்பா யூஸ் பண்ணியிருப்பீங்க சார்" என்று பதில். யாரும் ஏறாத சேணத்தை என்ன ரஃப்பாக யூஸ் பண்ணுவது? இரண்டு நாள் போராடிய பிறகு புதுப் பட்டி வந்தது, கூரியர் செலவு என் தலையில். பிரித்துப் பார்த்தால் அதிலும் ஒற்றைத் தையல்தான். பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்து, எல்லாப் பட்டிக்கும் மெழுகு நூலில் இரட்டைத் தையல் போட்டேன். 120 ரூபாய். இந்த செட் வாங்குகிறவர்கள் குதிரை மேல் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பட்டியை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு இழுத்தும் பாருங்கள்.

பட்டைக்கு ஐந்துக்கு ஐந்து, சேணத்துக்கு இரண்டு. பட்டை மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். மூன்று வயது முடியாத குட்டிக்கு வேறெதுவும் அவசரமில்லை. முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயது ஆகும்.

என் அண்ணன் மகள் எப்போது ஏறலாம் என்று தினமும் கேட்கிறாள். டேப் வைத்து அளந்து கணக்குப் போட்டதில் குட்டி சுமார் 265 கிலோ. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பார்கள், அதாவது 53. சேணமே 5 கிலோ. அவள் 44, நான் 76. அடுத்த ஆடி கழியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை.