அமெரிக்க அடிமைகளின் வாக்குமூலங்கள்: கொங்கிரஸ் நூலகத்தின் இலவச இணையத் தொகுப்பு எப்படி?

அமெரிக்க அடிமை ஒழிப்பு எங்கள் உயர்தர வகுப்புகளில் பெரும்பாலும் மூன்று வரியில் முடிந்துவிடுகிறது: லிங்கன், 1863 ஜனவரி 1 பிரகடனம், 1865 டிசம்பர் 6 இல் உறுதியான 13ஆவது திருத்தம். ஏறத்தாழ 40 இலட்சம் பேர் விடுதலையானார்கள். அடுத்த நாள் காலை அவர்கள் எங்கே போனார்கள், யாருடைய காணியில் படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதற்குக் குறிப்புப் புத்தகங்களில் விடை இல்லை. அந்த விடையைத் தருகிற ஒரு சேவை வாஷிங்டனில் உள்ள கொங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. பெயர் 'போர்ன் இன் ஸ்லேவரி'. கட்டணமில்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வரலாறோ அரசியல் விஞ்ஞானமோ கற்பிக்கும் எவரும் இதைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் பயன்படுத்தும் முறை தெரியாமல் இறங்கினால் பிழையான வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம்.

1936 முதல் 1938 வரை, பொருளாதார மந்தக் காலத்தில், வேலையற்ற எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்து முன்னாள் அடிமைகளைப் பேட்டி காண அனுப்பியது. 17 மாநிலங்களில் இருந்து 2,300க்கும் மேற்பட்ட பேட்டிகளும் ஏறத்தாழ 500 படங்களும் சேர்ந்தன. தட்டச்சுப் பக்கங்களை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கையால் வெட்டித் திருத்திய இடங்கள்கூடத் தெரியும். இதுதான் இத்தளத்தின் பெரிய பலம்.

முழுத் தொகுதியைப் பிடிஎவ் ஆக இறக்கினால் கோப்பு மிகவும் பெரிது. கைப்பேசி டேட்டாவில் அதைத் தொடவே வேண்டாம். வேண்டிய பேட்டியின் பக்கங்களை மட்டும் திறந்து, படமாகச் சேமித்து, போட்டோகொப்பிக் கடையில் கொடுப்பது மலிவு. ஒரு பேட்டி பெரும்பாலும் சில பக்கங்கள்தான். எழுத்து வடிவம் மட்டும் போதுமென்றால் இதே தொகுதிகள் இலவச மின்னூல்களைத் தரும் குட்டன்பேர்க் தளத்திலும் உண்டு. அங்கே கோப்பு சிறிது, பழைய கைப்பேசியிலும் திறக்கும்.

தேடல் பெட்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரவில் அடிமைகளைப் பிடிக்கத் திரிந்த காவல் குழுவைப் பற்றித் தேட 'பட்ரோல்' என்று சரியான ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடித்தால் பல பேட்டிகள் தப்பிப்போகும். பேட்டி எடுத்தவர்கள் காதில் விழுந்தபடி 'பட்டிரோலர்', 'பேட்டரோலர்' என்று விதம்விதமாக எழுதிவைத்தார்கள். எசமான் என்பதும் 'மாஸா', 'மார்ஸ்டர்', 'மார்ஸ்' என்று மாறிமாறி வரும். போதாததற்கு, மங்கிய தட்டச்சைக் கணினி பிழையாக வாசித்த இடங்களும் நிறைய. ஆகவே சொல்லைத் தேடாமல், மாநிலத்தைத் தெரிந்து, பெயர் அகரவரிசையில் புரட்டுவதே நல்லது. அந்தக் கொச்சை ஆங்கிலத்தை மொழிபெயர்ப்புச் செயலிக்குள் போட்டால் குளறுபடிதான் வரும். முதலில் சத்தமாக வாசியுங்கள், பிறகு சாதாரண ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதன் பின்னரே தமிழாக்குங்கள். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும் என்பதையும் மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இனி முக்கியமான விடயம். தெற்குக் கரோலைனாத் தொகுதியின் இரண்டாம் பகுதியைத் திறந்து, சார்ள்ஸ்டன் நகரில் ஹென்றியெற்றா வீதியில் வாழ்ந்த சூசன் என்ற மூதாட்டியின் பேட்டிகளை எடுங்கள். ஒருமுறை ஹம்லின் என்றும் மறுமுறை ஹமில்டன் என்றும் பதிவாகியிருப்பவர் ஒரே ஆள். 1937 இல் ஒரு வெள்ளைக்காரப் பெண் போய்க் கேட்டபோது, தன் எசமான் நல்லவர் என்றார். கறுப்பினத்தவரான அகஸ்டஸ் லட்சன் போய்க் கேட்டபோது சவுக்கடியும், தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்றபோது எழுந்த ஓலமும் வந்தன. வெள்ளைக்காரப் பெண்ணைச் சூசன் நலன்புரி அலுவலகத்தில் இருந்து வந்தவர் என்று நினைத்திருந்தார். 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் முதியோர் காப்புறுதியில் சேர்க்கவில்லை. அந்த வயதில் அவர்களுக்கு மிஞ்சியது உள்ளூர் வெள்ளையர் கையில் இருந்த உதவிப் பணம்தான். அதைக் கையில் வைத்திருப்பவரிடம் அவருடைய பாட்டனைப் பற்றி யார் உண்மை பேசுவார்? இந்த இரண்டு பேட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம். வேறொன்றும் படிப்பிக்க நேரமில்லாவிட்டாலும் இதைப் படிப்பியுங்கள்.

பேட்டி கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 80 வயது கடந்தவர்கள். விடுதலை வந்தபோது பலர் சிறுவர்கள். 'அப்போது சாப்பாடாவது கிடைத்தது' என்ற வரி அடிக்கடி வரும். அது மந்தக் காலத்துப் பசியின் குரல். அதை அடிமைமுறைக்குக் கொடுத்த நற்சான்றாக எடுப்பது பெரும் அநியாயம்.

நிலத்தைப் பற்றிய பகுதிகளே இத்தொகுப்பின் உயிர். 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரல் ஷேர்மன் கரையோரக் காணிகளை விடுதலையானவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கக் கட்டளையிட்டார். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அக்காணிகளைப் பழைய உடைமையாளருக்குத் திருப்பினார். இதற்கு முன், 1862 இல் வாஷிங்டன் நகரில் அடிமைகளை விடுவித்தபோது, ஆளுக்கு 300 டொலர் வரை நட்டஈடு எசமானுக்கே போனது. வெறுங்கையோடு நின்றவர்கள் அதே தோட்டத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமுறையில் பயிர்செய்து, விதைக்கும் உணவுக்கும் பட்ட கடனில் மாட்டினார்கள். 13ஆவது திருத்தத்திலேயே 'குற்றத்துக்கான தண்டனையாக அன்றி' என்ற விலக்கு இருந்தது. வேலையில்லாமல் நின்றதற்கே பிடித்து, கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டார்கள். அலபாமாவில் அது 1928 வரை நடந்தது.

இதே நூலகம் ஒலிப்பதிவுகளையும் வைத்திருக்கிறது. 1949 இல் போல்டிமோரில் பதிவான பவுன்டன் ஹியூஸின் குரலைத் தவறவிடக்கூடாது. விடுதலைக்குப் பின் போக்கிடம் இல்லாமல் கிடந்ததையும், தாய் தன்னை மாதம் ஒரு டொலருக்கு வேலைக்கு எழுதிக்கொடுத்ததையும் அவரே சொல்கிறார். எழுத்து வடிவமும் கூடவே உண்டு.

குறைகளும் சிறியவை அல்ல. லூசியானா இல்லவே இல்லை. வேர்ஜீனியாத் தொகுதி மிக மெலிது. அங்கே கறுப்பின மாணவர்களுக்கான ஹம்ப்டன் கல்லூரியின் ரொஸ்கோ லூயிஸ் தலைமையில் கறுப்பினத்தவரே பேட்டி எடுத்தார்கள், ஆனால் அவற்றில் பெரும்பகுதி இதில் சேரவில்லை. ஹம்ப்டனுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையில் செமினரியும் உடுவிலில் பெண்கள் பாடசாலையும் நிறுவிய அமெரிக்க மிஷன் சபை, அடிமை உடைமையாளரை முற்றாக விலக்கத் தயங்கியது. அதை எதிர்த்தவர்கள் 1846 இல் தனிச் சங்கம் அமைத்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் ஹம்ப்டன் போன்ற கல்லூரிகளைத் தொடக்கியது அந்தச் சங்கமே. உள்ளூர் மாணவர்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: 1707 இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் உண்டு, இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டப்படி ஒழிந்தது, சாதியின் பேரால் கோயிலிலும் கடையிலும் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்துக்கு 1957 வரை காத்திருந்தோம்.

தொகுப்பு 1938 உடன் நிற்பதால், இன்றைய விளைவுகளுக்கு ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் 'மப்பிங் இனிகுவாலிட்டி' தளத்தைத் துணைக்கு எடுங்கள், அதுவும் இலவசம். 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்து வரைந்த படங்கள் அங்கே உள்ளன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். காணியும் கிடைக்காமல் கடனும் கிடைக்காமல் போன தலைமுறைகளின் கணக்கை அமெரிக்க மத்திய வங்கியின் 2022 ஆய்வில் பார்க்கலாம்: வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 285,000 டொலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900. வகுப்பில் முதலில் படத்தைக் காட்டி, பிறகு இந்த இலக்கங்களைக் கொடுங்கள்.